எனக்க தப்புதான் அண்ணே

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கி பழுதாகி நின்ற ஒரு சாயங்காலத்தில்தான் அவன் வாடகைக்கு அறை பார்க்க வந்தான். மார்சிலிங்கில் எங்கள் வீடு உயரமான மாடி. அத்தனை படியும் ஏறி, சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, கம்பிக் கதவுக்கு வெளியே நின்று மூச்சு வாங்கினான். வாயைத் திறந்ததும் சொன்ன முதல் பேச்சு இதுதான்:

"நேரம் பிந்திட்டு. எனக்க தப்புதான் அண்ணே."

மின்தூக்கியை அவனே கெடுத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது அந்தச் சொல். என் மனைவி முகத்தை உள்பக்கம் திருப்பிச் சிரித்துக்கொண்டாள். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, தரையில் சிந்திய இரண்டு சொட்டை அவன் கைக்குட்டையாலேயே துடைத்தான். அப்போதே அறையை அவனுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் மேற்பார்வை வேலை. 'என்னுடைய' என்பதை அவன் ஊர்ப் பேச்சில் 'எனக்க' என்றுதான் சொல்வான். நான் அவனைத் தம்பி என்றேன், என் மனைவியும் தம்பி என்றாள், எங்கள் பாப்பா அவனை மாமா என்றாள். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று அவனிடம் கேட்க எனக்கு முகமில்லை.

நான் பெரிய படிப்பாளி இல்லை. பள்ளியில் உயர்நிலை இரண்டோடு நின்றவன். பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிற வேலை. சாமி கும்பிடுவது ஒன்றைத்தான் இந்த உலகத்தில் நான் ஒழுங்காகச் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன்னால் அவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவன் எல்லாத் தப்பையும் எடுத்துக்கொள்கிறவன். சிலர் வழியில் கிடக்கிற குப்பையைப் பொறுக்கித் தொட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள் அல்லவா, அப்படி.

ஒரு முறை கீழ்வீட்டுச் சீனக் கிழவர் ஏறி வந்து, எங்கள் குளியலறையிலிருந்து அவர் வீட்டுக் கூரையில் தண்ணீர் கசிகிறது என்று சத்தம் போட்டார். கசிவு எங்கள் பழைய குழாயில். அதை மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தது. நான் பதில் தேடிக்கொண்டு நிற்கும்போதே அவன் அறையிலிருந்து வந்து, "சாரி அங்கிள், நான்தான் தண்ணிய ரொம்பத் திறந்து விட்டுட்டேன்" என்று அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, கிழவரோடு கீழே போய் ஏணி வைத்து அவர் கூரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தான். கிழவர் அடுத்த வாரம் ஒரு பை ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தார். என்னைப் பார்த்து முறைத்தார். கிழவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பாப்பா ஒரு நாள் என் மனைவியின் கண்ணாடிக் கிண்ணத்தைத் தட்டி உடைத்துவிட்டாள். அது எங்கள் கல்யாணத்துக்கு வந்த செட்டில் ஒன்று. மனைவி அடுப்படியிலிருந்து வருவதற்குள் அவன் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கிண்ணத்தை மேசை ஓரத்தில் வைத்தது தான்தான் என்றான்.

"இவன் ஒருத்தன் லா" என்றாள் என் மனைவி. "மழை பெஞ்சாகூட நம்மகிட்ட சாரி சொல்வான்."

எங்களுக்கு அது சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகிய பிறகு வசதியாகவும் போய்விட்டது. வெளிச்சத்தை அணைக்காமல் விட்டது யார், பால் கெட்டுப்போக வெளியே வைத்தது யார் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் ஒரு தப்பு நடந்தால் அதைக் கொண்டுபோய் வைக்க ஓர் ஆள் இருந்தான். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை குறைந்தது உண்மை. இன்னொருவன் தலையில் ஏற்றிக் குறைத்தது என்று எனக்கு உறைக்கவில்லை.

ஏன் தம்பி இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். வேலை முடிந்து வந்து சோறு தின்றுகொண்டிருந்தான். யாருக்க தப்பு என்று தேடிக்கொண்டிருந்தால் வேலை அப்படியே நின்றுபோகும் என்றான். நமக்க தப்புதான் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் மற்றவர்கள் போய் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் அண்ணே, அதில் குறைஞ்சு போறதுக்கு என்ன இருக்கு என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டான்.

ஆனால் ஒரே ஒரு தடவை அவன் கைப்பேசியில் வேறு மாதிரிப் பேசியது என் காதில் விழுந்தது. கப்பலில் எண்ணெய்த் தொட்டிக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் விஷக்காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பார்க்காமலே பார்த்துவிட்டதாக அவனைச் சொல்லச் சொல்கிறார்கள் போலிருந்தது. "திட்டு எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்கிடுதேன் சார். அத மட்டும் சொல்லமாட்டேன்" என்றான். குரலை உயர்த்தவில்லை. இவனுக்கு இப்படியும் பேசத் தெரியுமா என்று நினைத்துக்கொண்டு நான் குளிக்கப் போய்விட்டேன்.

அவன் கிறிஸ்தவன். அவன் அறையில் கட்டிலின் தலைமாட்டில் ஒரு மரச் சிலுவையும் பைபிளும் இருக்கும். பைபிளின் மேல் தும்மலுக்கான மாத்திரை அட்டை இருக்கும். பட்டறையில் பெயிண்ட் தூசி அவனுக்கு ஆகாது. இரும்பைச் சுரண்டுகிற நாளில் வீட்டுக்கு வந்து விடாமல் தும்முவான். அந்த மாத்திரை போட்டால் தூக்கம் அமுக்கிவிடும் என்பான். பாப்பா அவன் கதவு திறந்திருந்தால் உள்ளே போய்ச் சிலுவையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவாள். எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் வெளியே வந்ததும் அவளைத் தூக்கி வந்து எங்கள் சாமி மேடைக்கு முன்னால் இன்னொரு தடவை கும்பிட வைப்பேன். அந்த அளவுக்கு நான் கணக்குப் பார்க்கிறவனாக இருந்தேன்.

பாப்பா எங்களுக்குக் காலம் போன பிறகு பிறந்தவள். இனி இல்லை என்று மருத்துவரே கைவிட்ட பிறகு, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, முருகனிடம் கேட்டு வாங்கிய பிள்ளை. அதனால் நடக்கத் தொடங்கியதுமே அவளுக்குக் கும்பிடச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். கை கூப்பத் தெரியும். திருநீற்றை எடுத்து நெற்றியில் இழுத்துக்கொள்ளத் தெரியும், கோணலாக. சாமிக்கு முன்னால் இருப்பதை எடுத்தால் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு வாயில் போட வேண்டும் என்று தெரியும். மூன்று வயதில் இதெல்லாம் செய்கிறாளே என்று வந்தவர்களிடமெல்லாம் செய்து காட்டச் சொல்வேன்.

எனக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, இருக்கிறது என்று பலதுறை மருந்தகத்தில் சொல்லி மாத்திரை கொடுத்தபோது மனம் உடைந்துபோனேன். வயது போய்ப் பிறந்த பிள்ளையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்ற பயம். அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலையில் குளித்ததும் அன்றைய மாத்திரைகளைச் சாமிக்கு முன்னால் இருக்கிற சின்னப் பித்தளைக் கிண்ணத்தில் போடுவேன். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. விளக்கேற்றிக் கற்பூரம் காட்டியதும், அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்குவேன். சாமி கையால் வாங்கிச் சாப்பிடுவதாக எனக்கு ஒரு தைரியம். அதே கிண்ணத்தில்தான் பாப்பாவுக்குக் கற்கண்டும் வைப்பேன்.

என் மனைவிக்கு இது பிடிக்கவே இல்லை.

"மருந்து மருந்து இடத்துல இருக்கணும். சாமி என்ன பார்மசியா லா?" என்பாள்.

"மருந்தும் அவன் கொடுத்ததுதானே" என்பேன் நான். பக்தியில் அவளை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. விரதம். என் மனைவி வாழை இலையும் காய்கறியும் வாங்கக் காலையிலேயே தேக்கா சந்தைக்குப் போய்விட்டாள். அவன் இரவு வேலை முடிந்து வந்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் ஸ்டூல் போட்டு ஏறிப் பெருமாள் படத்துக்கு மாலை சாத்தினேன். ஸ்டூல் அங்கேயே கிடந்தது. கிண்ணத்தில் மாத்திரைகளைப் போட்டேன். கற்பூரம் காட்டி முடிக்கும்போது பணிமனையிலிருந்து போன். யாரோ வேலைக்கு வரவில்லை, நான் வர முடியுமா என்று. சாமி முன்னால் வேலைப் பேச்சு வேண்டாம் என்று வெளி நடைபாதைக்குப் போய்ப் பேசினேன். கொஞ்சம் நீளமாகத்தான் பேசினேன்.

திரும்பி வந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது. நான் விழுங்கிவிட்டேன் என்றே நினைத்தேன். தினமும் செய்கிற காரியம், செய்தோமா இல்லையா என்று மனம் எங்கே பார்க்கிறது. பாப்பா நெற்றியில் தானாகவே திருநீறு பூசிக்கொண்டு ஓடி வந்தாள். பார், சொல்லாமலே பூசிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. தூக்கி முத்தம் கொடுத்தேன்.

இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உட்கார முடியாது. எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வருவேன்.

பிறகு அவள் சோபாவில் சுருண்டு படுத்தாள். ரொட்டி கொடுத்தேன், வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கார்ட்டூன் போட்டேன், பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் உடம்பு சில்லென்று வியர்த்திருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்து, மூடிக்கொண்டாள்.

என் கண் அவன் அறைக் கதவுக்குப் போனது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே பைபிளின் மேல் அந்த மாத்திரை அட்டை. எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. வீட்டில் தப்பு என்றால் யாருடையது என்று பழகிப்போன மனம், யோசிக்கிற வேலையை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

அவனை உலுக்கி எழுப்பினேன். உன் மாத்திரையைப் பிள்ளை தின்றுவிட்டது, கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குகிறாய் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். என்றைக்கும்போல் "எனக்க தப்புதான்" என்று சொல்லத்தான் வாய் திறந்தான் என்று நினைக்கிறேன். உதடு அந்த வடிவத்துக்கு வந்தது. ஆனால் சொல்லாமல் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாப்பா தின்னது எனக்கது இல்ல அண்ணே" என்றான்.

புது அட்டை. ஒரு மாத்திரைகூடப் பிய்க்கவில்லை.

நான் அட்டையைப் பார்க்கவில்லை. தும்மல் மாத்திரைதானே, தூக்கம்தானே வரும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது அவன் மாத்திரையாகவே இருக்க வேண்டியிருந்தது.

"எல்லாத்துக்கும் என் தப்பு என் தப்பும்ப. இன்னிக்கு மட்டும் வாய் வரலியா?" என்று கேட்டேன்.

அவன் அட்டையைக் கட்டிலில் போட்டான். என்னைத் தாண்டிப் போய்ப் பாப்பா பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். அவள் கன்னத்தைத் தட்டினான். பிறகு அவள் நெற்றியைப் பார்த்தபடியே, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்:

"நெத்தியில திருநீறு இருக்கு அண்ணே. எனக்க ரூம்ல திருநீறு ஏது?"

நான் சாமி மேடையைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குக் கீழே ஸ்டூல். ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் என் பெரிய மாத்திரை, எச்சில் பட்டு ஊறி, சின்னப் பல் பதிந்து கிடந்தது. கசந்திருக்கும், துப்பியிருக்கிறாள். சின்னதைக் காணவில்லை. என்ன நடந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்டூலில் ஏறியிருக்கிறாள். திருநீறு பூசியிருக்கிறாள். கண்ணில் ஒற்றியிருக்கிறாள். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுகூடக் குறையாமல் செய்திருக்கிறாள்.

அவசர உதவி எண்ணை அழைத்தது அவன். என் மாத்திரைப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்த ஆங்கிலப் பெயரை எழுத்து எழுத்தாகப் போனில் படித்தான். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிள்ளை வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், பக்கவாட்டில் படுக்க வையுங்கள் என்று அங்கிருந்து சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னான். நான் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு நின்றேன். அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தான்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்ததும் அவர்கள் முகம் மாறியது. இரத்தத்தில் சர்க்கரை ரொம்பக் கீழே. உடனே கையில் ஊசி குத்திச் சர்க்கரை ஏற்றினார்கள். நான் முருகா, பெருமாளே என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமி முன்னால் வைத்ததைத் தின்ற பிள்ளைக்காக அதே சாமியிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில் அவள் கண்ணைத் திறந்து "அப்பா, பசிக்குது" என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. இளவயதுப் பெண் மருத்துவர். அந்தச் சின்ன மாத்திரை ஒன்றே இந்த வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரையை அடியோடு இறக்கப் போதும், சர்க்கரை ஏறி ஏறித் திரும்ப இறங்கும், அதனால் நாளை வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்றும் சொன்னார். கொண்டுவந்தவன் கதவோரம் வேலைக்குப் போகிற காலுறையோடு, செருப்பில்லாமல் நின்றிருந்தான்.

என் மனைவி தேக்காவிலிருந்து நேரே வந்தாள். கையில் காய்கறிப் பை, அக்குளில் வாழை இலைச் சுருள். இலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை அணைத்துக்கொண்டே பிள்ளையைத் தடவினாள். எந்த மாத்திரை என்று மருத்துவர் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"கிண்ணத்துல இருந்தா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"அவளுக்கு எட்டாதே. ஸ்டூல் மேல ஏறித்தான் எடுத்திருக்கணும். அத அங்க போட்டது யாரு?"

அவள் குரல் உயரவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் வாயைத் திறப்பதற்குள், கதவோரத்திலிருந்து அவன் சொன்னான்.

"நான்தான் அக்கா. வேலை முடிஞ்சு வந்தேன்லா, சாமி மேடை பல்பு மினுங்கிட்டு இருந்து. ஸ்டூல் போட்டு மாத்தினேன். எடுத்து வைக்க மறந்துட்டேன். எனக்க தப்புதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் என்று எழுதினேன். அதுகூடச் சரியில்லை. அவன் சொல்லி முடித்த பிறகும் எனக்கு நேரம் இருந்தது. மனைவி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் என்னைப் பார்க்கவில்லை, பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று சுவரைப் பார்த்தான். இடையில் எவ்வளவோ நேரம் இருந்தது. நான் பாப்பாவின் போர்வையைச் சரிசெய்தேன்.

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே என் மனைவி அவனிடம் சொல்லிவிட்டாள். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. வேற ரூம் பாத்துக்கங்க. எனக்கு மனசு ஒப்பல."

"செரி அக்கா" என்றான்.

போவதற்கு முந்தின நாள் அவன் பட்டறையிலிருந்து ஒரு இரும்புப் பெட்டியோடு வந்தான். அவனே வெட்டி ஒட்டிப் பெயிண்ட் அடித்தது, சின்னப் பூட்டு வைத்தது. அடுப்படிச் சுவரில், நானே கை தூக்கினால்தான் எட்டுகிற உயரத்தில் அடித்து மாட்டினான். பெயிண்ட் வாசத்தில் தும்மிக்கொண்டே மாட்டினான். மருந்தெல்லாம் இதில் வையுங்கள் அண்ணே என்று சாவியை என் கையில் கொடுத்தான். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அறை காலியாகியிருந்தது. பாப்பா அவன் அறை வாசலில் நின்று, சிலுவை இருந்த சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் நான் அந்தப் பெட்டியைத் திறந்துதான் மாத்திரை எடுக்கிறேன். கிண்ணத்தில் வைப்பதில்லை. பூசையில் பிள்ளையாருக்கு முன்னால் கையை மாற்றித் தலையில் குட்டிக்கொண்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுத்துக்கொள் என்று சொல்வேன். சின்ன வயதிலிருந்து சொல்வது, தடையில்லாமல் வரும். சாமியிடம் சொல்ல நாக்கு புரள்கிறது. மனிதரிடம் சொல்லத்தான் புரளவில்லை. அவனுக்கு நேர்மாறு. அவன் சாமியிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. மனிதரிடம் சொல்ல அவனுக்கு ஒரு நாளும் தயக்கம் இருந்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு அவனிடமிருந்து வாழ்த்து வரும். கூடவே, பாப்பா சுகமா அண்ணே என்று ஒரு வரி. நான் கும்பிடுகிற கைப் படத்தை அனுப்புவேன். அதற்கு மேல் எழுத வராது.

பாப்பா இப்போது பள்ளியில் தொடக்கநிலை இரண்டு. இந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமி மேடையின் சிவப்பு பல்பு ஒரேயடியாக அணைந்துபோனது. நான் ஸ்டூல் போட்டு ஏறினேன். என் மனைவி கீழே புது பல்போடு நின்றாள். கழற்றிய பழையதை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"தம்பி மாத்துனானே, அந்த பல்பா இது?"

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன்.

தம்பி போன அந்த வருஷத் தீபாவளிக்கு வீடு துடைக்கும்போதே பார்த்தேன் என்றாள். பல்பில் விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு விரல் கனத்துக்கு ஒட்டியிருந்தது. போன மாதம் மாற்றிய பல்பில் அவ்வளவு பிசுக்கு எங்கிருந்து வரும்? யாரும் அதைத் தொடவே இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டதாம். படத்துக்கு மாலை போட்டது யார் என்றும் அப்போதுதான் நினைவு வந்ததாம்.

"ஏன் கேட்கல?" என்றேன்.

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன்." பல்பைக் குப்பைத் தொட்டியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "போன்னு நான் சொல்லிட்டேன். திரும்ப வான்னு சொல்றதுக்கு நீங்க வாயத் திறக்கணும்ல. ஒவ்வொரு வருஷமும் பாத்தேன்."

இத்தனை ஆண்டும் அந்த வெட்கத்தை நான் தனியாகச் சுமப்பதாக நினைத்திருந்தேன். இன்னொரு பக்கத்தை அவள் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். என் கூடவே ஒரே பாயில் படுத்து எழுந்துகொண்டு.

போனை எடுத்தேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனால் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அவன் எடுத்ததும் பின்னால் இரும்பு அரைக்கிற சத்தம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை போலிருக்கிறது. "அண்ணே" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டான். பாப்பா சுகமா என்றான். சுகம் என்றேன். பிறகு சொன்னேன், தம்பி, அன்றைக்கு அந்த ஸ்டூல் என்று.

"அத நான் எடுத்து வச்சிருக்கணும் அண்ணே" என்று உடனே குறுக்கே வந்தான். "எனக்க…"

"இல்ல தம்பி. போட்டது நான். மாலை போட ஏறுனேன். அக்காகிட்ட நீ சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். நின்னுகிட்டே இருந்தேன். தப்பு என்னோடது."

மறுமுனையில் அரைக்கிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப்போனது. அவன் எங்கோ ஒதுங்கிப் போகிறான் என்று தெரிந்தது. நான் காத்திருந்தேன். வழக்கம்போல் அதையும் வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொள்வான் என்று பயந்தேன். அவன் எதையாவது சொல்லி என்னைத் தப்பவைத்துவிட்டால் இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பிறகு "செரி அண்ணே" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது.